தண்டர் பேக்கு வருகிற தம்பிக்கு

தம்பி, நேற்று ராத்திரி வேலை முடிந்து வந்து உங்கள் கேள்வியைப் படித்தேன். செப்டம்பரில் கனடாவுக்கு, இந்தத் தண்டர் பே ஊரில் இருக்கிற லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் சேர வருகிறீர்கள். வாடகை எவ்வளவு ஆகும், பகுதிநேர வேலை கிடைக்குமா, குளிரைத் தாங்க முடியுமா, அரிசி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள் பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு பாடம் கட்டாயம் படிக்கவேண்டுமாம், இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மொழி வகுப்பும் இருக்கிறதாம், "அதெல்லாம் வீண், லேசானதா பாத்து எடுத்து முடிச்சிடு" என்று சீனியர் சொன்னாராம். ஊரை ஒட்டிய சுப்பீரியர் ஏரி உறைந்தபின் மேலே நடந்துபோய்ப் படம் எடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

வாடகை, வேலை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். குளிருக்கு ஒரே பதில்தான்: கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். எனக்குச் சொல்ல இருப்பது மொழிப் பாடத்தைப் பற்றியும் ஏரியைப் பற்றியும்தான். உங்களுக்கு அவை இரண்டு கேள்விகள். எனக்கு இரண்டும் ஒன்று. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மொழி வகுப்பில் இடம் கிடைத்தால் எடுங்கள். ஏரியின் மேல் உங்கள் இஷ்டத்துக்குக் கால் வைக்காதீர்கள்.

நான் வந்தது ஒரு ஜனவரியில். டொராண்டோவிலிருந்து பஸ். ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், சன்னலில் பாறையும் பனியும் ஊசியிலை மரமும் தவிர வேறு எதுவும் வரவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலவறையில் தங்கினேன். சாப்பாடு போட்டார்கள், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் அன்று ராத்திரியே, சோற்றில் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வீட்டு அண்ணன் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை, "இங்க நேட்டிவ் ஆளுங்க இருப்பாங்க, அவங்ககிட்ட பேச்சு வச்சுக்காதம்மா. குடிப்பாங்க, கவர்மெண்டு காசுல உக்காந்து தின்பாங்க" என்பது. அதே மனிதர்தான் சற்று முன்னால், தன்னை ஒரு வெள்ளைக்காரப் பையன் காரிலிருந்து கேவலமாகத் திட்டிவிட்டுப் போனதைக் கண் கலங்கச் சொல்லியிருந்தார். தனக்குப் பட்டது வலி, அடுத்தவனைச் சொன்னால் அது நாட்டு நடப்பு! அன்றே எனக்கு அது பொறுக்கவில்லை. இன்றைக்கும் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நம் ஆட்கள் ஓதுகிற முதல் பாடம் இதுவாகவே இருக்கிறது. உங்கள் சீனியர் சொன்னதும் அதன் நாகரிகமான வடிவம்தான்.

எனக்குக் கிடைத்த வேலை ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில். தட்டு அடுக்குவது, வார்டுக்குக் கொண்டுபோவது, திரும்ப எடுத்து வருவது. வடக்கே சாலையே இல்லாத ஊர்களிலிருந்து சிறிய விமானத்தில் நோயாளிகளை இங்கேதான் கொண்டுவருவார்கள். அவர்களில் வயதான அம்மாக்கள் பலர், தம்ளரைக் கையில் வாங்கியதும் குடிக்கமாட்டார்கள். உற்றுப் பார்ப்பார்கள். "இது கொதிக்கவைத்ததா?" என்று கேட்பார்கள். கனடாவில், குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிற பட்டணத்தில், இந்தக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது. நெஸ்கன்டாகா என்று ஒரு ஊர், இங்கிருந்து வடக்கே. 1995-இல் அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும் அது நீங்கவில்லை. 2020 அக்டோபரில் அந்த ஊர் ஜனங்களை மொத்தமாக விமானத்தில் ஏற்றித் தண்டர் பே ஓட்டலில் கொண்டுவந்து வைத்தார்கள். உலகத்து நன்னீர் ஏரிகளிலேயே மிகப் பெரிய பரப்புள்ள ஏரி இந்த ஓட்டல்களின் சன்னலுக்கு வெளியே கிடக்கிறது. அதன் பக்கத்தில் வந்துதான் அவர்கள் பயமில்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள்.

அந்தச் சமையல்கட்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா ஃபோர்ட் வில்லியம் ஃபர்ஸ்ட் நேஷனைச் சேர்ந்தவர். ஊருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அனிஷினாபே ஊர் அது. அந்த ஊர் முன்பு ஆற்று முகத்தில்தான் இருந்தது, 1905-இல் ரயில்வேக்காக இடத்தைப் பிடுங்கி ஜனங்களை அங்கிருந்து கிளப்பினார்கள். பழைய வரைபடங்களில் மலைக்கு மவுண்ட் மெக்கே என்று இருக்கும். அவர்கள் அனிமிகி வஜிவ் என்பார்கள், இடிப்பறவை மலை. ஊரின் பெயரும் அப்படித்தான். தண்டர் பே என்பது 1970-இல் இரண்டு பட்டணங்களை இணைத்தபோது ஓட்டுப்போட்டு வைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் இந்த விரிகுடாவை அனிஷினாபே மக்கள் அதற்கு முன்பிருந்தே அனிமிகி வீக்வெடோங் என்று சொல்லிவந்தார்கள், இடிப்பறவைகளின் விரிகுடாவில் என்று. கோடையில் ஏரியின் மேல் மேகம் கட்டி இடி உருளும்போது வெளியே நின்று பாருங்கள், பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தரவேண்டாம்.

அந்த அக்காதான் எனக்கு அவர்கள் மொழியான அனிஷினாபேமொவின் சொல்லித்தந்தார், தேநீர் நேரத்தில், துண்டுத் துண்டாக. அவருக்கே அது அரைகுறையாகத்தான் கிடைத்திருந்தது. அவர் அம்மா படித்தது உண்டு உறைவிடப் பள்ளியில். தாய்மொழியில் பேசினால் அடி. கனடா முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அந்தப் பள்ளிகள் வழியாகப் போனார்கள், இந்த ஊரிலும் அப்படி ஒரு பள்ளி இருந்தது. வீட்டுக்குத் திரும்பியபின்னும் அந்த அம்மா பிள்ளைகளிடம் தன் மொழியைப் பேசத் துணியவில்லையாம், அக்கம்பக்கத்துப் பெரியவர்களோடு மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவாராம். ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டேன் என்றார் அக்கா. தம்பி, "அந்த மொழியால என்ன பிரயோஜனம்" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தமிழைப் பேசியதற்காக நம்மில் பெரும்பாலோரின் அம்மாக்கள் அடி வாங்கவில்லை என்பதை அவர்கள் யோசிப்பதே இல்லை.

இப்போது மொழிக்கு வருகிறேன். உங்களுக்கு ஆங்கிலேயப் பிள்ளைகளைவிட இது சுலபமாக வரும். குறில் நெடில் அவர்களுக்குப் பெரிய சங்கடம், உங்களுக்குப் பால பாடம். எழுதும் முறையில் நெடிலுக்குப் பெரும்பாலும் எழுத்தை இரட்டித்துப் போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு இடத்தில் மட்டும் நாக்கு தடுமாறும். அவர்கள் மொழியில் 'நீன்' என்றால் நான். 'கீன்' என்றால் நீ. அக்கா தன்னைக் காட்டி நீன் நீன் என்று சொல்ல, என்னைத்தான் ஏதோ சொல்கிறார் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அதைத் தாண்டியதும் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. நாம் என்றும் நாங்கள் என்றும் நமக்கு இரண்டு இருக்கிறதே, ஆங்கிலத்தில் அந்த வித்தியாசமே கிடையாதே, அனிஷினாபேமொவினில் அது அப்படியே இருக்கிறது. கேட்கிறவரையும் சேர்த்தால் கீனவிண்ட், கேட்கிறவரை விட்டுவிட்டால் நீனவிண்ட். ஒருநாள் வேலை முடிந்து அக்கா என்னை இங்கே ஏரிக்கரைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். ஏப்ரல் கடைசி, ஐஸ் உடைந்து கரையோரம் கண்ணாடித் துண்டுகள் உரசுகிற மாதிரிச் சத்தம். கோட்டுப் பையிலிருந்து ஒரு சிட்டிகைப் புகையிலை எடுத்துத் தண்ணீரில் விட்டார். ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது மீக்வெச், நன்றி என்பது மட்டும். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இதை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்" என்றார். அந்த 'வீ' எந்த 'வீ' என்று நான் கேட்டேன். ஒரு தமிழச்சிக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். அவர் யோசிக்கவே இல்லை. கீனவிண்ட் என்றார். இந்த நாட்டில் எனக்குக் குடியுரிமைக் காகிதம் வந்தது பிறகு. ஆனால் இந்த மண்ணில் யாரோ என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் அது அன்றைக்குத்தான்.

இன்னொன்று, நீங்கள் கட்டாயம் கேள்விப்படப்போவது. இணையத்தில் நம் ஆட்கள் சிலர் எழுதுகிறார்கள், "அனிஷினாபே மொழியில் தண்ணீரே உயர்திணை" என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அந்த மொழியில் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை, உயிருள்ளவை உயிரற்றவை என்று இலக்கணக்காரர்கள் பிரிக்கிறார்கள். வகைக்குத் தக்கபடி வினைச்சொல்லே மாறும். ஒரு மனிதரைப் பார்த்தேன் என்றால் ஒரு வினை, ஒரு படகைப் பார்த்தேன் என்றால் வேறு வினை. நமக்குத் திணை என்பது பழகிய விஷயம்தான். ஆனால் நாம் மனிதர்களையும் தெய்வங்களையும் ஒரு பக்கமும் மற்ற அத்தனையையும் மறுபக்கமும் வைத்தோம். அவர்களிடம் மரமான மிட்டிக், கல்லான அசின், பனியான கூன், ஐஸான மிக்வம், சூரியனும் சந்திரனுமான கீஸிஸ், சடங்குக்கு எடுக்கிற புகையிலை, கொதிக்கிற அண்டா எல்லாம் உயிருள்ள வகையில் நிற்கின்றன. தண்ணீர் என்கிற நிபி அந்த வகையில் இல்லை. ஆறு என்கிற ஸீபியும் இல்லை. ராஸ்பெர்ரி இந்தப் பக்கம், ஸ்ட்ராபெர்ரி அந்தப் பக்கம். ஆகவே இதை உயர்ந்தது தாழ்ந்தது என்று ஏணி கட்டிப் பார்க்கக்கூடாது.

அப்படியானால் தண்ணீரை அவர்கள் உயிராக நினைப்பதில்லையா என்றால், நினைக்கிறார்கள், நன்றாகவே. அது வகுப்புப் பிரிவில் தெரியாது, அவர்கள் தண்ணீரிடம் பேசுவதில் தெரியும், புகையிலை வைப்பதில் தெரியும், தண்ணீரைக் காப்பது பெண்களின் பொறுப்பு என்று வைத்திருப்பதில் தெரியும். பிள்ளை வயிற்றில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, பனிக்குடம் உடைந்துதான் பிறக்கிறது, அதனால் தண்ணீருக்காகப் பேசவேண்டியவள் பெண் என்பார்கள். மொழியின் இலக்கணத்தை மட்டும் வைத்து ஒரு சனத்தின் மனதை எடைபோட்டால் இப்படித்தான் தப்புக்கணக்கு வரும்.

எனக்கு மொழியில் உண்மையாகவே தண்ணீர் தெரிந்தது வினைச்சொற்களில். ஆங்கிலத்தில் விரிகுடா ஒரு பொருள், அருவி ஒரு பொருள். இங்கே அவற்றைப் பெயராகவும் சொல்லலாம், வினையாகவும் சொல்லலாம். வீக்வெகமா என்றால் 'தண்ணீர் விரிகுடாவாக இருக்கிறது'. ஊருக்கு மேற்கே ஒரு அரைமணி நேரத்தில் ககபேக்கா அருவி, 40 மீட்டர் உயரம், வந்த முதல் வாரமே எல்லோரும் போய்ப் படம் எடுப்பார்கள். அந்தப் பெயரும் ககாபிகா என்பது போன்ற ஒரு வினையிலிருந்து வந்ததுதான், பாறை விளிம்பில் தண்ணீர் செங்குத்தாக விழுகிறது என்று. தண்ணீர் ஓடுவதைச் சொல்ல 'ஜிவன்' என்று ஒரு ஈறு. பிமிஜிவன், ஓடிக்கொண்டு போகிறது. கிஷீஜிவன், வேகமாக ஓடுகிறது. ஸாகிஜிவன், வெளியே பாய்கிறது. முன்னால் உள்ள துண்டை மாற்றிக்கொண்டே போகலாம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்று ஒரே சொல்லில் வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ஜிவன் என்று பார்த்ததும் ஜீவன் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இங்கே ஒரு பொங்கல் விழாவில் ஒருவர் மேடையேறி, இவர்கள் மொழியே தமிழிலிருந்து போனதுதான் என்று அரை மணி நேரம் பேசினார். விருந்தினராக வந்திருந்த அனிஷினாபே பெரியவர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒலி ஒத்துப்போவது தற்செயல், அவர்கள் மொழி அல்கொங்கியன் குடும்பம், நம்மோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அடித்துப் பறிக்கப்பட்ட மொழியை மிச்சம் வைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களிடம் போய், அதுவும் எங்களுடையதுதான் என்று சொல்வது என்ன மரியாதை? தமிழின் பெருமைக்கு அது தேவையே இல்லை.

சரி, ஏரி. இந்த வினைகளை நான் கற்றது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. புதிதாக வருகிறவர்கள் ஐஸைப் பார்த்ததும் கேட்பது, எவ்வளவு கனம் என்று. அந்தக் கேள்வி வேண்டியதுதான். தெளிவான நீல ஐஸ் என்றால் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்கவேண்டும், வெள்ளை ஐஸ் அதில் பாதி பலம்தான். ஆனால் அக்காவின் தம்பி ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர், அவர் முதலில் கேட்பது அதை இல்லை. கீழே தண்ணீர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்றுதான் கேட்பார். தேங்கி நிற்கிறதா, பிமிஜிவனா, ஸாகிஜிவனா. ஆறு ஏரிக்குள் பாய்கிற இடத்தில், ஏரி ஆறாக வெளியேறுகிற இடத்தில், மேலே எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். அடியில் நீரோட்டம் ஐஸைத் தின்றுகொண்டிருக்கும். பத்தடி தள்ளி லாரி நிற்கும், இங்கே ஆள் இறங்கிவிடுவான்.

பெயர்களைக் கவனித்துப் பழகுங்கள். ஸாகீங் என்றால் ஆற்று முகத்தில். ஒன்டாரியோவில் சௌகீன் என்று ஓர் ஊர் இருக்கிறது, அது இந்தச் சொல்தான். டொராண்டோப் பக்கத்தில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வீடு வாங்கி இருக்கிற மிசிசாகாவும் இதே, பெரிய ஆற்று முகம். எட்டோபிக்கோ என்பது ஆல்டர் மரங்கள் வளர்கிற இடம். பள்ளிக்கூட பூகோளப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோமே மிசிசிப்பி, அது மிசி ஸீபி, பெரிய ஆறு. வருஷக்கணக்காக மிசிசாகாவில் இருக்கிறேன் என்று மார்தட்டுகிற சொந்தக்காரர்களிடம் நான் இதைச் சொன்னால், "அப்படியா?" என்றுவிட்டு வீட்டு விலையைப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

மாதங்களும் அப்படியே. ஒவ்வொரு மாதமும் ஒரு கீஸிஸ், அப்போது வெளியே நடப்பதே அதன் பெயர். ஜூன் ஸ்ட்ராபெர்ரி மாதம். மே மாதம் துளிர் விடுகிற மாதம். நவம்பர் கஷ்கடினோ கீஸிஸ், தண்ணீர் உறைந்து மூடுகிற மாதம். தம்பி, மூடுகிற மாதம் என்றால் மூடிவிட்ட மாதம் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் ஐஸ் புதிது, யாரும் கால் வைக்கக்கூடாது. ஏரியில் புயல் அடிப்பதும் அப்போதுதான். 1975 நவம்பர் 10-ஆம் தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பல் இதே ஏரியில் மூழ்கி 29 பேர் போனார்கள், ஒருவர் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. கிச்சிகமி என்று இந்த ஏரியை அவர்கள் சொல்வது சும்மா இல்லை. பெருநீர். ஆழமான இடத்தில் 406 மீட்டர். வருஷம் முழுவதுக்கும் சராசரி பார்த்தால் தண்ணீர் 4 டிகிரிதான் இருக்கும். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் உதவாது, விழுந்த முதல் நிமிடமே மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவள் நான், இந்த ஏரியில் ஜூலையில்கூட முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை.

தண்ணீருக்கு அடியில் மிஷிபிஷு இருக்கிறது என்பார்கள், கொம்பு வைத்த நீர்ச்சிறுத்தை. கிழக்கே அகாவா என்ற இடத்தில் ஏரிக்கரைப் பாறையில் செங்காவியில் வரைந்து வைத்திருக்கிறார்கள், பார்க்கலாம். மேலே இடிப்பறவை, கீழே மிஷிபிஷு, நடுவில் நாம் மரியாதையாகக் கடந்துபோகவேண்டும். கடப்பதற்கு முன் புகையிலை. இதைக் கதை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். அந்த மரியாதை பழகிய குடும்பங்களில் யாரும் நவம்பர் ஐஸில் செல்ஃபி எடுக்கப் போய் நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போது ஜோசஃபின் மண்டமின் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. மனிடூலின் தீவில் பிறந்தவர், வாழ்ந்தது இந்தத் தண்டர் பேயில். 2003-இல் ஒரு செப்பு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு இந்த ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அதன்பின் மற்றப் பெரிய ஏரிகளையும் நடந்து சுற்றினார். விடியுமுன் கிளம்பவேண்டும், வாளி பெண்கள் கையில், பக்கத்தில் கழுகுச் சிறகுக் கோல் பிடித்து ஒருவர். பகல் முழுக்கத் தண்ணீர் நிற்கக்கூடாது, ஆறு நிற்காதது போல. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நடந்தபடியே மாறும். மாற்றிக்கொள்ளும்போது சொல்கிற வார்த்தையில் 'நிபி ஒஞ்சி' என்று வரும், தண்ணீருக்காக. 2019-இல் காலமானார். அவருடைய பேத்தி முறையான ஆட்டம் பெல்டியே என்ற சிறுமி 2018-இல் 13 வயதில் ஐக்கிய நாடுகள் சபையில் தண்ணீருக்காகப் பேசியதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு காலையில் அப்படி ஒரு நடையில் கொஞ்ச தூரம் கூடப் போயிருக்கிறேன். பாவாடை கட்டி வரச்சொன்னார்கள், புடவையே கட்டிப் போனேன், அதன் மேல் கோட்டு. வாளியை வாங்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. தண்ணீர் ததும்பாமல் நடக்க வேண்டும் என்று மனசு முழுக்க அதிலேயே நின்றுவிடும், பக்கத்தில் லாரி போவதுகூடக் காதில் விழாது.

உணவு பற்றியும் கேட்டிருந்தீர்கள், அரிசி கிடைக்குமா என்று. கிடைக்கும். ஆனால் மனோமின் சாப்பிட்டுப் பாருங்கள். தண்ணீரில் தானாக விளைகிற தானியம், கறுப்பாக நீளமாக இருக்கும். தண்ணீரில் உணவு விளைகிற இடத்தைத் தேடிப்போங்கள் என்ற வாக்கை நம்பிக் கிழக்குக் கடற்கரையிலிருந்து நடந்து வந்தவர்கள் தாங்கள் என்று அவர்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கோடை முடிகிற சமயம் அறுவடை, அந்த மாதத்துக்குப் பெயரே மனோமினிகே கீஸிஸ். தோணியில் ஒருவர் நின்று கழி ஊன்றித் தள்ளுவார், மற்றவர் உட்கார்ந்து இரண்டு லேசான குச்சிகளால் கதிரை உள்பக்கம் வளைத்து மெல்லத் தட்டுவார். பழுத்தது தோணிக்குள் விழும், பழுக்காதது செடியிலேயே இருக்கும், கொஞ்சம் தண்ணீருக்குள் விழும். அது அடுத்த வருஷத்துக்கு விதை. அடித்து உலுக்கக்கூடாது. பிறகு இரும்பு அண்டாவில் துடுப்பால் கிளறி வறுத்து, குழியில் போட்டுக் காலால் மிதித்து உமியைக் கழற்றுவார்கள். கடைசியில் பூர்ச்சமரப் பட்டையில் செய்த தட்டில் புடைப்பார்கள். அந்தத் தட்டு என் கையில் வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் வீட்டுச் சுளகு மாதிரியேதான் இருந்தது, மணிக்கட்டு தானாக ஆடியது. கூட இருந்த பாட்டிமார் இருவர் கையைத் தட்டிச் சிரித்தார்கள். உன் ஊரில் யார் சொல்லித்தந்தார் என்று கேட்டார்கள். என் ஆச்சி என்றேன். நோகோமிஸ் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள், பாட்டி என்று.

அந்தத் தண்ணீர் கெட்டால் அந்தத் தானியம் போய்விடும். மேற்கே கிராஸி நாரோஸ் என்று ஓர் ஊர். அதற்கு மேலே டிரைடனில் இருந்த காகித ஆலை ஒன்று 1962-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 9,000 கிலோ பாதரசத்தை ஆற்றில் விட்டது. மீன் விஷமாகி, மீன் பிடித்துப் பிழைத்த ஜனங்களின் கையும் காலும் நடுங்க ஆரம்பித்தன. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது தீரவில்லை. நம் ஆட்கள் "கவர்மெண்டு காசு" என்கிறார்களே, 1850-இல் இந்தக் கரையைப் பற்றிப் போட்ட ராபின்சன் ஒப்பந்தத்தின்படி இந்தக் கரை ஜனங்களுக்குக் கிடைத்துவந்த காசு என்ன தெரியுமா? தலைக்கு வருஷத்துக்கு 4 டாலர். 1875-க்குப் பிறகு அது ஏறவே இல்லை. 2024-இல் உச்ச நீதிமன்றம் இந்த அநியாயத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அடுத்தமுறை யாராவது சோற்றில் கை வைத்துக்கொண்டு உங்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் இந்த நாலு டாலரைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் வளாகத்துக்குள்ளேயே மெக்கின்டயர் என்று ஒரு ஆறு வரும், அழகாக இருக்கும், வாத்துகள் மேயும். வடக்கே தங்கள் ஊர்களில் உயர்நிலைப் பள்ளி இல்லாமல் இங்கே படிக்க வந்த பூர்வகுடிப் பிள்ளைகள் ஏழு பேர் 2000-க்கும் 2011-க்கும் இடையில் இந்த ஊரில் இறந்துபோனார்கள். ஐந்து பேர் உடல் ஆற்றில் கிடைத்தது, சிலருடையது இந்த மெக்கின்டயரில். 2016-இல் விசாரணை முடிந்து 145 பரிந்துரைகள் வந்தன. 2018-இல் மாகாணக் கண்காணிப்பு அலுவலகம் இந்த ஊர்க் காவல்துறையில் நிறவெறி ஊறியிருக்கிறது என்று எழுதியது. வீட்டை விட்டு, மொழியை விட்டு, தெரியாத ஊரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். நீங்களும் அப்படித்தான் வருகிறீர்கள். வகுப்பில் உங்கள் பக்கத்தில் வடக்கிலிருந்து வந்த பிள்ளை உட்கார்ந்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். ஆனீன் என்றால் வணக்கம், அது போதும் தொடங்க. ராத்திரி ஆற்றோரப் பாதையில் தனியாக நடக்கவேண்டாம், அவர்களையும் விடவேண்டாம்.

வகுப்புக்கு ஒரு உதவி. அனிஷினாபேமொவினுக்கு ஓஜிப்வே என்றும் பெயர்; மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓஜிப்வே மக்கள் அகராதி இணையத்தில் இலவசம், பெரியவர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம். ஆசிரியர் சொல்லும் உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும், அதற்காக அவரிடம் வாதம் செய்யாதீர்கள். பெரியவர் யாரிடமாவது ஏதாவது கேட்கப் போனால் வெறுங்கையோடு போகாமல், கொஞ்சம் புகையிலை எடுத்துப்போய் முதலில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஏரி விஷயத்தில், டிசம்பர் வந்ததும் தூண்டில் இரை விற்கிற கடைக்குப் போய் எந்தப் பக்கம் ஐஸ் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள், அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். ஆற்று முகம் எங்கே என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வந்து சேர்ந்ததும் ஒரு செய்தி போடுங்கள், வீட்டில் மனோமின் இருக்கிறது, சாம்பாரோடு நன்றாகவே சேரும்.